பெற்றவை பிறருக்காகவே



கல்வராயன் மலையில் பெய்யும் மழை, கோமுகி, மணிமுக்தா ஆறுகளாக இறங்கி, கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பகுதிகளின் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் வந்து சேர்கிறது. நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைகின்றன. உழைப்பு நம்முடையது, மழையோ இறைவன் தந்தது. தலைமடைக்காரர் வாய்க்காலை அடைத்துக்கொண்டால் கடைமடைக்காரரின் பயிர் காய்ந்துவிடும். இறைவன் தரும் எல்லாக் கொடைகளும் இப்படித்தான். அவை நம்மிடம் வருகின்றன. நம்மோடு நின்றுவிடக் கூடாது.

இஸ்ரயேல் மக்கள் தங்கள் முதற்பலனைக் கூடையில் வைத்து ஆண்டவர் திருமுன் கொண்டுவந்தனர். அடிமைத்தளையிலிருந்து அவர் தங்களை மீட்டதை அறிக்கையிட்டனர். அதோடு கடமை முடியவில்லை. தங்களிடையே வாழும் லேவியரோடும் அந்நியரோடும் சேர்ந்து மகிழவேண்டும் என்பதும் கட்டளை (இச 26:1-11). நன்றி காணிக்கையில் தொடங்கிப் பகிர்வில் நிறைவு பெறுகிறது.

தாலந்து உவமையை நாம் அறிவோம் (மத் 25:14-30). ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. அப்படியானால் ஒரே தாலந்து பெற்றவர்கூட ஏறத்தாழ 20 ஆண்டுக் கூலியைப் பெற்றிருக்கிறார்! "என்னிடம் என்ன இருக்கிறது?" என்று நம்மில் எவரும் சொல்ல முடியாது. அந்தப் பணியாளர் திருடவில்லை. ஊதாரித்தனமாகச் செலவழிக்கவும் இல்லை. தலைவரைக் கடின உள்ளம் கொண்டவராக எண்ணி, அஞ்சி, மண்ணில் புதைத்தார். கொடுத்தவரின் அன்பை உணராதபோது கொடையும் சுமையாகத் தோன்றுகிறது.

இதற்கு மாறான ஒரு வாழ்வு நம் புதுவை - கடலூர் உயர்மறைமாவட்ட வரலாற்றில் உண்டு. பாரிஸ் மறைபோதக சபையைச் சேர்ந்த அருள்தந்தை லூயி சவினியன் துப்புயி, தாம் பெற்ற மொழியறிவை அச்சுப்பணிக்கும் தமிழ் - பிரெஞ்சு அகராதிக்கும் அளித்தார். பெண்கல்வி அரிதாயிருந்த காலத்தில், 1844-இல் புதுச்சேரியில் மரியாவின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். அவர் தம் கொடையைப் புதைக்கவில்லை.

நம் நிலை என்ன? குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர், மாலையில் நான்கு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம். நல்ல குரல்வளம் உள்ளவர் பாடற்குழுவில் சேரலாம். நிலமுள்ளவர் கூலியை அன்றே, முறையாகக் கொடுக்கலாம். இவையும் நன்றிப்பலியே.

இறைவா, நீர் தந்தவற்றை அடைத்துவைக்காமல் அடுத்தவருக்குத் திறந்துவிடும் மனதை எங்களுக்குத் தாரும். ஆமென்.