நாணய ஏலத்திலும் அடக்க விலை பார்க்க வேண்டும்

கல்லாவில் வந்து சேர்ந்த பழைய காசுகளை எடுத்து வைத்ததில் தொடங்கி, நாணயம் சேர்ப்பதில் ஈடுபாடு கொண்டவர்கள் வணிகர்களிடையே பலர் உண்டு. சரக்கு எடுக்கும்போது பைசாக் கணக்குப் பார்க்கும் இவர்களில் சிலர், ஏலக் கூடத்தில் அந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். புதிதாக ஏலம் கேட்கச் செல்வோர் கவனிக்க வேண்டியவை சில.

முதலாவது, அடக்க விலை. ஏலம் முடிந்த விலையோடு செலவு முடிவதில்லை. அதன்மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன், ஜி.எஸ்.டி., அனுப்பும் செலவு ஆகியவை சேரும். இவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும் என்பதால் விதிமுறைகளை முன்கூட்டியே படிக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காசுக்கு 12,000 ரூபாய்தான் போடலாம் என்று தீர்மானித்தால், 10,000 ரூபாயோடு கேட்பதை நிறுத்திவிட வேண்டும். 12,000 வரை கேட்டால் கட்ட வேண்டியது 14,400 ரூபாய்.

இரண்டாவது, உலோக மதிப்பு. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். ஆறாம் ஜார்ஜ் மன்னர் உருவம் பொறித்த 1938-ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம், அதாவது ஏறத்தாழ 10.7 கிராம். 1940 முதல் அது 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 1947 ரூபாய் நிக்கலில் வந்தது. அன்றைய வெள்ளி விலையைப் பெருக்கிப் பார்த்தால், கேட்கும் விலையில் உலோகத்துக்கு எவ்வளவு, அருமைக்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, போலி. 1939-ஆம் ஆண்டு ரூபாய் கிடைப்பதற்கு அரியது. ஆகவே 1938 ரூபாயின் கடைசி எண்ணான 8-ஐச் செதுக்கி 9 ஆக்கிய காசுகள் சந்தையில் உலவுகின்றன. இவற்றில் எடையும் வெள்ளியும் சரியாகவே இருக்கும். தராசு காட்டிக் கொடுக்காது. ஏலத்துக்கு முன் பார்வையிட அனுமதிக்கும் நேரத்தில் பூதக்கண்ணாடியால் ஆண்டு எண்ணைப் பார்க்க வேண்டும். போலி என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதையும் எழுத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. அசல் காசுகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்க, சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு உதவும்.

நான்காவது, நிலை. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு சேகரிப்போரிடையே மதிப்பு இழக்கும். இயற்கையாகக் கறுத்த காசே மேல்.

கடைசியாக, திரும்ப விற்கும்போது விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பது வழக்கம். இன்று ஏலத்தில் எடுத்ததை உடனே விற்றால் இரு முறையும் நஷ்டம் நமக்கே. ஆகவே வியாபார முதலில் கை வைக்காமல், உபரிப் பணத்தில் மட்டும் வாங்குங்கள். உச்ச விலையை வீட்டிலேயே சீட்டில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். எதிரில் இருப்பவர் ஏற்றுகிறார் என்பதற்காக அந்தச் சீட்டைத் திருத்த வேண்டாம். பெரும்பாலான காசுகள் இன்னொரு ஏலத்தில் மீண்டும் வரும்.