எழுபத்திரண்டில் ஒருவர்

தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில் நமக்கு இரண்டு அலுவலகங்கள் உண்டு. ஒன்று, பேரேடுகள் வைத்திருக்கும் சங்கக் கட்டிடம். மற்றொன்று, வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவருடைய வீட்டுத் திண்ணை. வீட்டு நடப்பும் நாட்டு நடப்பும் முன்னதைக் காட்டிலும் பின்னதிலேதான் ஒழுங்காகப் பதிவாகின்றன என்பது நமது அனுபவம்.

பவானியில் அப்படி ஒரு திண்ணை. வீட்டுக்குரிய பெரியவர் 1950-ஆம் ஆண்டில் பிறந்தவர். பதினான்கு வயதில் ஜமக்காளத் தறியில் அமர்ந்தவர். பார்வை குன்றியதால் தறியை விட்டு இறங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. இப்பொழுது பத்திரிகை வாசிப்பதே அவருக்குத் தொழில். பொடி எழுத்துக்களுக்கென்று ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறார். பேரன் கைப்பேசியில் காட்டும் செய்தியை அவர் செய்தியாகவே ஒப்புக்கொள்வதில்லை. அச்சில் வரவேண்டும், அதுவும் மறுநாள் வரவேண்டும்.

காலை ஏழு மணிக்கு அவருடைய நண்பர் வந்துவிடுவார். காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் பயிரிடுபவர். ஒரே பத்திரிகையை இருவரும் பிரித்துக்கொள்வர். சந்தை விலைப் பக்கம் நண்பருக்கு, மற்றவை பெரியவருக்கு. பிறகு வாதம் தொடங்கும். தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் தெலங்கானாவிலுள்ள நிஜாமாபாதில் தொடங்கப்பட்டதை நண்பரால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. "ஈரோட்டு மஞ்சள் மணக்கவில்லையா?" என்று நம்மைக் கேட்டார். பதில் சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை.

பெரியவர் குறை வேறு. 1952-இல் ஏற்பட்ட அகில இந்தியக் கைத்தறி வாரியம் 2020 ஜூலையில் கலைக்கப்பட்டது. "அது என்னைவிட இரண்டு வயது இளையது. எனக்கு முன்னால் போய்விட்டது" என்றார், தம்பியை இழந்தவர்போல். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் கைத்தறிக்கே உரியவை என்று ஒதுக்கப்பட்டுள்ள 11 இனங்களில் ஜமக்காளமும் ஒன்று என்பது அவருக்கு மனப்பாடம். ஆயினும் விசைத்தறிச் சரக்கு பவானி என்ற பெயரைச் சூட்டிக்கொண்டு கடைத்தெருவில் விற்கிறதே என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

இந்த விவாதங்கள் நடக்கும்பொழுதெல்லாம் வீட்டு அம்மாள் உள்ளே வேலையாக இருப்பார். அண்டை வீட்டுத் தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பது அவருக்கு இன்றும் வழக்கம். ராட்டையின் ஒலி திண்ணை வரை கேட்கும்.

தேசியக் கைத்தறி தினமாகிய ஆகஸ்டு 7-ஆம் தேதியை ஒட்டிப் பத்திரிகையில் ஒரு புள்ளிவிவரம் வந்திருந்தது. பெரியவர் அதை உரக்க வாசித்தார். 2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவிலும் அதன் துணை வேலைகளிலும் உள்ளோர் 35,22,512 பேர். அவர்களில் 25,46,285 பேர் பெண்கள். அதாவது நூற்றுக்கு 72 பேர்.

ராட்டை நின்றது. "ஏனுங்க, அந்த எழுபத்திரண்டிலே நானும் உண்டுங்களா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பெரியவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். கணக்கெடுக்க வந்தவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று நாம் கேட்டோம். "தறி ஒன்று, நெய்பவர் ஒருவர் என்று சொன்னேன்" என்றார். சிறிது பொறுத்து, "அவள் அப்பொழுது வந்தவர்களுக்கு மோர் கலக்கிக்கொண்டிருந்தாள்" என்று சேர்த்தார்.

இந்தத் தொகையில் பெரும் பகுதியினர் அஸ்ஸாம் முதலிய வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். அங்கே தறியில் அமர்வது பெரும்பாலும் பெண்களே. ஆகவே அந்த 72 என்ற எண்ணை அப்படியே நம் ஊருக்குப் பொருத்துவது தவறு. ஆனால் அம்மாள் கேட்டது அஸ்ஸாமைப் பற்றி அன்று.

அந்த வீட்டுத் தறி அகலத் தறி. பெரிய ஜமக்காளம் நெய்ய இருவர் அருகருகே அமரவேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரியவரின் வலப்புறம் அமர்ந்தவர் அம்மாள்தான். விடியுமுன் சாயச் சிட்டங்களைப் பிரித்துச் சுற்றியவரும் அவரே. கூலிப் புத்தகம் மட்டும் பெரியவர் பெயரில். சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் கூலி ரூபாய்க்கு 8 காசு பிடித்து, மாநில சர்க்கார் 4 காசு சேர்த்ததும் அவர் கணக்கில்தான். அவர் தறியை விட்டு இறங்கினார். அம்மாள் எதிலிருந்து இறங்குவது?

நண்பர் இதற்குச் சிரித்தார். அவர் தோட்டத்தில் மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்தெடுப்பவர் யார் என்று அம்மாள் கேட்டதும் சிரிப்பு நின்றது. பட்டாவும் நண்பர் பெயரில்; விவசாயக் கடன் சங்கத்து அங்கத்தினரும் அவரே.

நாம் சிரிக்கவே இல்லை. சிரிக்கும் யோக்கியதை நமக்கு இல்லை. இந்த உத்தியோகத்தில் எத்தனையோ அங்கத்தினர் பதிவேடுகளைப் புரட்டி, "சரிபார்க்கப்பட்டது" என்று பச்சை மையில் எழுதியிருக்கிறோம். பங்குத் தொகை சரியா, கையொப்பம் சரியா என்று பார்த்தோமே தவிர, ஒரு தறியில் எத்தனை பேர் அமர்கிறார்கள் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. நாம் பார்த்த சங்கங்களில் தறிக்கு ஓர் அங்கத்தினர் என்பதே வழக்கம். வழக்கத்தை விதியென்று எண்ணிவிட்டோம். பட்டம் பெற்றவனுக்கு இது பெருமை தராது.

அன்று பிற்பகல் சங்கத்துக்குச் சென்று முதல் வேலையாகப் பெரியவருடைய பக்கத்தைத் திறந்தோம். வாரிசு நியமனப் பத்தி வெறுமையாக இருந்தது. மேலும் முப்பது பக்கங்கள் புரட்டினோம், பதினொன்று அப்படியே. அவற்றில் சிலருடைய மனைவியர், பணம் பெறுவதற்கு நாளை நம்மைப் போன்றவர் முன்னால் சான்றிதழ்களுடன் நிற்கப்போகிறவர்கள். சங்க நிர்வாகிகளாயுள்ள வாசகர்கள் தத்தம் பதிவேட்டில் அந்தப் பத்தியை ஒருமுறை பார்ப்பார்களாக.

மறுநாள் இரண்டு படிவங்களுடன் திண்ணைக்குச் சென்றோம். "அவளைத் தவிர வேறு யார்? இதை எழுத வேண்டுமா?" என்றார் பெரியவர். எழுதினால்தான் சங்கத்துக்குத் தெரியும் என்றோம். வாரிசு நியமனத்தில் கையொப்பமிட்டார். இரண்டாவது படிவம் அம்மாளை அங்கத்தினராகச் சேர்ப்பதற்கான விண்ணப்பம். இந்த வயதில் எதற்கு என்று தயங்கினார். சங்கத்துக்கு அவர் நாற்பது ஆண்டுகள் நெய்து கொடுத்த பிறகு வயதைப் பற்றி யார் பேசுவது என்று நண்பர்தான் பரிந்து பேசினார். ஒரே இரவில் அவருக்கு இந்த ஞானம் வந்த விதம் நமக்குத் தெரியாது; வீட்டில் ஏதோ நடந்திருக்க வேண்டும்.

தொழில் என்ற இடத்தில் "வீட்டு வேலை" என்று எழுதும்படி பெரியவர் சொன்னார். "தறி வேலைன்னு எழுதுங்க" என்றது உட்புறத்துக் குரல். அவ்வாறே எழுதினோம்.

விண்ணப்பம் அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு வருகிறது. முடிவு அங்கத்தினர்கள் தேர்ந்தெடுத்தவர்களின் கையில். அதற்கு முன் தீரவேண்டிய சங்கடம் ஒன்று உண்டு. அம்மாளின் பெயருக்கு முன்னால் குடும்ப அட்டையில் கணவர் பெயரின் முதலெழுத்து. ஆதாரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து. எதை எழுதுவது என்று திண்ணையில் வாதம் நடந்துகொண்டிருக்கிறது. அம்மாளை இன்னும் யாரும் கேட்கவில்லை என்று கேள்வி.