கொடுத்த எலக்ட்ரானும் பங்கிட்ட எலக்ட்ரானும்

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில், மாநில எல்லையை நெருங்கும் இடத்தில் உள்ளது மூக்கண்டப்பள்ளி. சிப்காட் தொழிற்பேட்டையால் பெயர் பெற்ற இவ்வூர் இன்று ஓசூர் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. இப்பகுதியின் அடுக்களை ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அடுப்பின்மேல் மாவு ஒட்டாத தோசைக்கல். மூலையில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் நிறைந்த குடம். கல்லின் கரிய பூச்சில் எடைக்கு 76 விழுக்காடு ஃபுளூரின். குடத்து நீரிலோ லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருந்தாலே அதிகம். ஆனால் ஆண்டுக்கணக்கில் குடித்தவரின் பற்களைக் கறையாக்கி, முதுகெலும்பை விறைக்கச் செய்வது அந்தச் சில மில்லிகிராம்தான். பூச்சிலிருந்து துணுக்கு ஒன்று பெயர்ந்து வயிற்றுக்குள் போனால், போனபடியே வெளியேறிவிடும்.

தனிமம் ஒன்றே, பின் ஏன் இந்த வேற்றுமை?

ஃபுளூரின் அணுவில் 9 எலக்ட்ரான்கள். அவற்றுள் 7 வெளிக்கூட்டில் உள்ளன. எட்டாவதைப் பெற அதற்கு இரண்டு வழிகள் உண்டு. பிற அணுவிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம், அல்லது கூட்டாக வைத்துக்கொள்ளலாம். (வாங்குவது என்பது மரியாதைக்குச் சொன்னது, ஃபுளூரினின் குணத்துக்குப் பறிப்பது என்பதே பொருந்தும்.)

கால்சியத்தின் வெளிக்கூட்டில் 2 எலக்ட்ரான்கள். அவற்றை இரண்டு ஃபுளூரின் அணுக்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, அது இரட்டை நேர்மின் அயனியாகிறது. ஃபுளூரின் எதிர்மின் அயனியான ஃபுளூரைடு ஆகிறது. இதுவே அயனிப் பிணைப்பு. இங்கே தனி மூலக்கூறு என்று ஒன்றைப் பிரித்துக் காட்ட இயலாது. ஒவ்வோர் அயனியையும் எதிர்க்குறி அயனிகள் எல்லாப் பக்கமும் சூழ்ந்து நிற்கும் பெரும் படிகமே உண்டு. அதைக் குலைக்க மிகுந்த வெப்பம் வேண்டும். கால்சியம் ஃபுளூரைடு உருக ஏறத்தாழ 1,400 பாகை செல்சியஸ் தேவை.

கார்பனுக்கு வெளிக்கூட்டில் 4 எலக்ட்ரான்கள். நான்கையும் பறிகொடுக்க அது இசையாது. எனவே ஒவ்வொரு ஃபுளூரினோடும் ஓர் இணை எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துக்கொள்கிறது. இது சகப்பிணைப்பு. ஃபுளூரின் தன் பக்கம் சற்று இழுத்துக்கொள்ளத்தான் செய்கிறது. பங்காளி வீட்டுச் சொத்து போல, பங்கு என்றால் சரிபாதி என்று பொருளல்ல. அயனி, சகப்பிணைப்பு என்று பாடநூல் இரண்டு கட்டம் போட்டாலும் இயற்கையில் இடையே வேலி கிடையாது.

மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. சோடியம் ஃபுளூரைடு 993 பாகையில்தான் உருகும். கார்பன் டெட்ராஃபுளூரைடோ மைனஸ் 128 பாகையிலேயே கொதித்து வாயுவாகிவிடும். ஆகவே சகப்பிணைப்பு வலுவற்றது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. கார்பன்–ஃபுளூரின் பிணைப்பு, கார்பன் அமைக்கும் ஒற்றைப் பிணைப்புகளுள் மிக வலியது. கொதிக்கும்போது அறுவது மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையிலுள்ள மெல்லிய கவர்ச்சி மட்டுமே, மூலக்கூறு உடைவதில்லை. கிருஷ்ணகிரிக் கருங்கல்லில் மின்னும் குவார்ட்சைப் பாருங்கள். சிலிக்கனும் ஆக்சிஜனும் சகப்பிணைப்பாலேயே முடிவின்றிக் கோக்கப்பட்ட வலை அது. உருக்க 1,600 பாகைக்கு மேல் வேண்டும்.

தோசைக்கல்லின் பூச்சு, 1938-ல் அமெரிக்க வேதியியலார் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட பாலிடெட்ராஃபுளூரோஎத்திலீன். நீண்ட கார்பன் சங்கிலியைச் சுற்றிலும் ஃபுளூரின் கவசம். நீரோ அமிலமோ அதை அசைப்பதில்லை. (வெறும் கல்லை அளவுக்கு மீறிக் காயவிட்டால் மட்டும் சங்கிலி சிதைந்து நச்சுவாயு வரும்.) இந்த உறுதியிலும் ஒரு கேடுண்டு. இத்தகைய பூச்சுகளின் தயாரிப்பில் முன்பு பயன்பட்ட சில ஃபுளூரின் சேர்மங்கள் எளிதில் சிதையாமல் மண்ணிலும் நீரிலும் தங்கிவிட்டன.

இனிக் குடத்துக்கு வருவோம். இம்மாவட்டத்துப் பாறைகளில் ஃபுளூரின் அடங்கிய கனிமங்கள் உண்டு. நீர் மூலக்கூறின் ஒரு முனை சற்று எதிர்மின்னும் மறுமுனை சற்று நேர்மின்னும் கொண்டது. அது அயனிகளைச் சூழ்ந்து படிகத்திலிருந்து பிரித்தெடுத்துவிடும். கால்சியம் ஃபுளூரைடைப் பாடநூல் 'கரையாதது' என்று தள்ளிவிடுகிறது. உண்மையில் லிட்டருக்குச் சுமார் 16 மில்லிகிராம் கரையும். அதில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஃபுளூரைடு. இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்க அளவாக வைத்திருப்பது 1 மில்லிகிராம், உச்ச அளவு 1.5. நீரில் கால்சியம் மிகுதியாக இருந்தால் ஃபுளூரைடு இந்த அளவுக்கு ஏற முடியாது. சோடியம் பைகார்பனேட் மிகுந்த நீரிலோ கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிட, ஃபுளூரைடுக்கு வழி திறக்கிறது. சோப்பு நன்றாக நுரைக்கும் 'மென்மையான' கிணற்று நீரை நல்ல நீர் என நம்புவதற்கில்லை.

உடலுக்குள் அயனி சும்மா இருப்பதில்லை. பல்லிலும் எலும்பிலும் உள்ள கால்சியம் பாஸ்பேட் படிகத்தில் ஹைட்ராக்சில் அயனிகள் உள்ளன. ஃபுளூரைடும் ஏறத்தாழ அதே பருமன், அதே மின்னேற்றம். ஆகவே அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்நோயைப் பற்றி 1937-லேயே மருத்துவர் ஷார்ட் குழுவினர் எழுதினர்.

கொதிக்கவைத்தால் போகாதா என்று கேட்பார்கள். போகாது. அயனி ஆவியாவதில்லை, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு ஏறவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறை, அலுமினியத்தின்மேல் ஃபுளூரைடுக்குள்ள நாட்டத்தைப் பயன்படுத்துகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வேறு நீரையே கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது.

வீட்டுக்கு வடிகட்டி விற்க வருபவர் 'டி.டி.எஸ்.' கருவியை நீரில் அமிழ்த்தி எண் காட்டுவார். அது அளப்பது மின்கடத்தலைத்தான். ஒரு கரண்டிச் சர்க்கரையைத் தூய நீரில் கரைத்து அமிழ்த்துங்கள், எண் ஏறாது. சர்க்கரை சகப்பிணைப்புச் சேர்மம், அயனி தராது. ஒரு சிட்டிகை உப்பிட்டால் எண் தாவும். ஆனால் எந்த அயனி என்று கருவி சொல்லாது. 300 காட்டும் நீரில் ஃபுளூரைடு 3 மில்லிகிராம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதற்குத் தனிச் சோதனை உண்டு. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் செய்து பார்க்கலாம்.