55 இஞ்ச் வாங்கி 27 இஞ்சில் ஆடுகிறார்கள், தெரியுமா?

2022இல் சாம்சங் ஒரு கேமிங் மானிட்டரை இறக்கியது. பெயர் ஒடிஸி ஆர்க். 55 இஞ்ச், 4கே, 165 ஹெர்ட்ஸ், வளைந்த திரை. அமெரிக்காவில் அறிமுக விலை 3,499 டாலர்! அதில் பெருமையாகக் காட்டிய வசதிகளில் ஒன்று என்ன தெரியுமா? படத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்! 55இலிருந்து 27 இஞ்ச் வரை சுருக்கலாம், சுருக்கியதைத் திரையில் வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். மூலைவிட்டம் பாதியானால் பரப்பு கால்வாசிதானே? அப்படியென்றால் முக்கால்வாசித் திரை கறுப்பாகச் சும்மா கிடக்கும். தலைவாழை இலை விரித்து நடுவில் ஒரு கைப்பிடி சோறு வைத்த கதை!

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளின் பெரிய போட்டிகளில் மேடையில் வரிசையாக நிற்பவை பிரம்மாண்டத் திரைகள் அல்ல. அங்கே பல வருடங்களாக வழக்கத்தில் இருப்பது 24, 25 இஞ்ச் மானிட்டர்தான். லட்சக்கணக்கான டாலர் பரிசுக்கு மோதுகிறவர்கள் ஏன் சின்னத் திரையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? விடை நம் கண்ணில் இருக்கிறது. மனிதக் கண் மிகக் கூர்மையாகப் பார்க்கும் வட்டம் எவ்வளவு பெரியது என்று நினைக்கிறீர்கள்? சுமார் 2 டிகிரிதான்! அரை மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் திரையில் அது 2 சென்டிமீட்டர்கூட வராது. மீதியெல்லாம் மங்கல், கண் அங்குமிங்கும் ஓடித்தான் நமக்கு முழுப் படத்தையும் காட்டுகிறது. 27 இஞ்ச் திரையின் அகலம் ஏறக்குறைய 60 செ.மீ., 24.5 இஞ்சுடையது 54 செ.மீ. மூலையில் இருக்கும் மினி-மேப்பை நொடிக்கொரு தரம் எட்டிப் பார்த்துத் திரும்பும் கண்ணுக்கு அந்த ஆறு செ.மீ. லேசான விஷயமா?

இதைக் கண்டுகொண்ட அசுஸ் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? அதுவும் 2022தான். 27 இஞ்ச், 360 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அதற்குள்ளேயே 25 இஞ்ச் மானிட்டர் ஒன்றை ஒளித்து வைத்தது! மெனுவில் மாற்றினால் போதும். 2560×1440 பிக்சல்கள் 2368×1332 ஆகிவிடும், சுற்றிலும் மெல்லிய கறுப்புச் சட்டம். கணக்குப் போட்டால் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்களுக்கு லீவு. கிராபிக்ஸ் கார்டுக்குச் சுமார் 14 சதவீத வேலை மிச்சம். வீட்டில் பெரிய திரை, பயிற்சிக்குப் போட்டி மேடையின் அளவு, இரண்டும் ஒரே பெட்டியில்.

அதைவிட விசித்திரம் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆட்டக்காரர்களுடையது. அகலத்திரை வந்து இத்தனை காலம் ஆகியும் அவர்களில் பலர் பழைய டப்பா மானிட்டர் காலத்து 4:3 வடிவத்தை விடமாட்டேன் என்கிறார்கள். சிலர் இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடு ஆடுவார்கள். சிலர் அந்தப் படத்தையே இழுத்து அகலத்திரை முழுக்கப் பரப்புவார்கள். எதிரியின் உருவம் மூன்றில் ஒரு பங்கு பருத்துத் தெரியும்! அகலத்திரையில் 106 டிகிரி தெரிய வேண்டிய காட்சி இவர்களுக்கு 90தான். ஓரத்தில் ஒருவன் நின்று சுட்டால் அவன் நிற்பதே தெரியாது. தெரிந்தேதான் இழக்கிறார்கள். பாதி காரணம் பழக்கம் என்பேன் நான். ஆனால் அதை அவர்களிடம் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது.

சரி, இதெல்லாம் புதுசு என்று நினைத்தீர்களா? 1993 டிசம்பரில் வெளிவந்த டூம் விளையாட்டில் கீபோர்டின் மைனஸ் பட்டனைத் தட்டினால் காட்சி சுருங்கும்! இன்னொரு தட்டு, இன்னும் சுருங்கும். அன்று பல வீடுகளில் இருந்த 386 கம்ப்யூட்டர் டூமின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. வரைய வேண்டிய இடம் குறைந்தால் ஓட்டம் கூடும், அவ்வளவுதான் சூட்சுமம். கீழே நிலவரப் பட்டையோடு முழு அளவில் காட்சி 320×168 பிக்சல். தட்டிக்கொண்டே போனால் கடைசியில் 96×48! ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு. தபால்தலை அளவு சன்னலில் அரக்கர்களைச் சுட்டுத் தள்ளினார்கள் ஐயா! அதற்கு முந்தைய வருடம் வந்த உல்ஃபென்ஸ்டைன் 3டியிலும் காட்சியைச் சுருக்கும் வசதி உண்டு.

2015இல் பிளேஸ்டேஷன் 4க்கு வந்த 'தி ஆர்டர்: 1886' இதையே சினிமா என்ற பெயரில் செய்தது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் 1920×800. கால்வாசிக்கும் அதிகமான பிக்சல்களை வரையவே வேண்டாம்! கலையா, சிக்கனமா என்று அன்று பெரிய சண்டையே நடந்தது.

உங்கள் மானிட்டரில் படத்தைச் சுருக்கும் வசதி இல்லையா? கவலை வேண்டாம். கிராபிக்ஸ் கார்டின் அமைப்புகளுக்குப் போய் ஸ்கேலிங் பகுதியில் 'நோ ஸ்கேலிங்' என்று வைத்துவிட்டுக் குறைந்த ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் படம் நடுவில் சின்னதாக, துளி மங்கலும் இல்லாமல் வந்து உட்காரும். அளவு கேட்டால்தான் ஆச்சரியம்: 27 இஞ்ச் 1440பி திரையில் 1080பி படம் 20 இஞ்ச் சொச்சம். 32 இஞ்ச் 4கே திரையில் அதே 1080பி கச்சிதமாக 16 இஞ்ச், ஒரு லேப்டாப் அளவு!

ஓலெட் மானிட்டர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் உஷார். அதில் கறுப்பு என்றால் அந்தப் பிக்சல் அணைந்தே இருக்கிறது என்று பொருள். பட்டைகள் மைபோல் கறுப்பாக இருக்கும், எல்சிடியில் தெரியும் சாம்பல் கசிவு கிடையாது. ஆனால் எப்போதும் நடுப்பகுதி மட்டுமே உழைத்தால் அது முதலில் தேயும், ஓரங்கள் புதுசாகவே இருக்கும். பிளாஸ்மா டிவி காலத்திலேயே இந்தத் தொல்லை உண்டு. 4:3 நிகழ்ச்சி பார்க்கும்போது பக்கப் பட்டைகளைக் கறுப்பாக விடாமல் சாம்பல் நிறத்தில் காட்டும் வசதியைச் சில டிவிகளில் வைத்தார்களே, எதற்கு? திரை சமமாகத் தேயட்டும் என்றுதான்!

கடைசியாக ஒன்று. பழைய நின்டென்டோ 3டிஎஸ் வீட்டில் எங்காவது கிடக்கிறதா? அதில் அதற்கு முந்தைய டிஎஸ் கருவியின் விளையாட்டைத் திறக்கும்போது ஸ்டார்ட் அல்லது செலக்ட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். படம் சட்டென்று சிறுத்து, பிக்சலுக்குப் பிக்சல் அசல் அளவில் பளிச்சென்று தெரியும். எத்தனையோ பேர் வருடக்கணக்கில் வைத்திருந்தும் இதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை!