நடைபிணப் படைச் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுதல்

மேசைப் போர் விளையாட்டுகளில் பயன்படும் எலும்புக்கூடு, பேய், நடைபிணம் போன்ற சிற்றுருவங்களுக்குக் கையால் வண்ணம் பூசுவது ஒரு பொழுதுபோக்குக் கலை ஆகும். இவ்வுருவங்கள் பெரும்பாலும் பாதத்திலிருந்து கண் மட்டம் வரை ஏறத்தாழ 28 மி.மீ. உயரம் கொண்டவை. சாம்பல் நிற நெகிழித் துண்டுகளாகப் பெட்டியில் வரும் இவற்றை ஒட்டி, வண்ணம் தீட்டுவது வாங்குபவரின் பொறுப்பு.

வரலாறு

பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்கு எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிநூலை எழுதினார். 1974-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு இதில் மாயக் கற்பனையைச் சேர்த்தது. 1983-இல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 'வார்ஹாமர்' விளையாட்டை வெளியிட்டது. நடைபிணப் படை அதன் பழைய படைகளுள் ஒன்று.

தொடக்கநிலையாளருக்கு ஏன் ஏற்றது

சிற்றுருவத்தில் மிகக் கடினமான பகுதி கண். அரை மில்லிமீட்டர் அளவுள்ள கருவிழி சற்று விலகினாலும் வீரன் மாறுகண்ணனாகிவிடுவான். எலும்புக்கூட்டுக்குக் கண்ணே இல்லை. குழி இருட்டாக இருந்தால் போதும். தோலின் நிற வேறுபாடுகளும் தேவையில்லை. துருவும் அழுக்கும் அதற்கு அழகு என்பதால் சிறு பிழைகள் வெளியே தெரிவதில்லை. ஒரு படைக்கு நூறு உருவங்கள்கூடத் தேவைப்படலாம். வண்ணம் காணாமலே பெட்டியில் உறங்கும் படைகள் இப்பொழுதுபோக்கில் ஏராளம். ஆகவே விரைவாகத் தீட்டி முடிக்கக்கூடிய படை என்பது சிறிய சலுகை அல்ல.

எலும்பு நிறம்

எலும்பு வெள்ளை நிறம் என்று நினைத்து வெள்ளை பூசுவது வழக்கமான தவறு. அப்படிப் பூசிய உருவம் சுண்ணாம்பு பொம்மை போல் தட்டையாகத் தெரியும். அவ்வளவு சிறிய உருவத்தில் இயல்பாக விழும் நிழல் கை நீட்டும் தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எட்டாது. எனவே நிழலையும் தீட்டித்தான் காட்ட வேண்டும்.

முதலில் உருவத்தைச் சோப்பு நீரில் கழுவி, அச்சின் இணைப்புக் கோடுகளைக் கத்தியால் சுரண்டி, பிரைமர் பூச வேண்டும். பிறகு மணல் நிறம் அல்லது வெளிர் பழுப்பு அடிப்பூச்சாகிறது. அது காய்ந்ததும் நீர்த்த அடர்பழுப்பு வண்ணமான 'வாஷ்' உருவம் முழுவதும் பூசப்படும். அது விலா எலும்புகளின் இடுக்குகளிலும் கண்குழிகளிலும் தானாகவே ஓடித் தேங்கி நிழலாகிறது. மண்டையின் மேல் குளம்போல் தேங்கியதை ஈரத் தூரிகையால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இல்லையெனில் காப்பிக் கறை போன்ற வளையம் நிற்கும்.

அடுத்தது 'டிரை பிரஷ்'. பழைய தூரிகையில் தந்த நிறத்தைத் தொட்டு, துணியில் துடைத்துத் துடைத்து, ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்ற நிலையில் உருவத்தின் மேல் இலேசாகத் தேய்த்தால், மேடான இடங்கள் மட்டும் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். துணியில் துடைக்கும் பொறுமைதான் இதில் முழுத் திறமையும். இது எங்கும் சிதறும் வேலை என்பதால், எலும்பை முடித்த பிறகே கந்தல் துணிக்கும் ஆயுதத்துக்கும் வர வேண்டும். வாளின் துருவுக்குச் செம்பழுப்பு வண்ணத்தைப் பஞ்சுத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். பத்துப் பத்து உருவங்களாக, ஒரே நிறத்தை எல்லாவற்றுக்கும் பூசிச் செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

தமிழ் மரபில் முன்மாதிரிகள்

பெட்டி அட்டையில் உள்ள ஐரோப்பியக் கல்லறைப் படத்தையே நகலெடுக்க வேண்டியதில்லை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கும் பசித்த பேய்க்கூட்டமே ஒரு முழுப் படை. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் காரைக்கால் அம்மையார் ஒட்டிய வயிறும் புடைத்த விலா எலும்புகளும் கொண்டு பேய் வடிவில் அமர்ந்திருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவர் வழிபடப்படும் நாயன்மார், விளையாட்டுப் பொருளல்லர். ஆயினும் மெலிந்த உடலில் நிழல் எங்கே விழும் என்பதைக் கற்க அந்தச் சிற்பத்தை மிஞ்சியது அரிது. வேலூரில் மகா சிவராத்திரிக்கு மறுநாள் பாலாற்றங்கரையில் நடக்கும் மயானக் கொள்ளையில் காளி வேடமிட்டோரின் முகப்பூச்சும் கவனிக்கத்தக்கது: கருப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்றே நிறங்கள் தொலைவிலிருந்தும் பளிச்சென்று தெரியும்.

சத்துவாச்சாரியின் வெயிலில்

வேலூர் மாநகராட்சியைச் சேர்ந்த சத்துவாச்சாரி போன்ற இடங்களில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே உலர்ந்துவிடும். மூடியுள்ள டப்பாவில் நனைத்த பஞ்சை விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் வைத்து வண்ணம் கலந்தால் பல மணி நேரம் ஈரமாக இருக்கும். தெளிப்பான் பிரைமரை உச்சி வெயிலில் அடித்தால் துளிகள் உருவத்தைத் தொடுமுன்னே காய்ந்து சொரசொரப்பாகும். ஐப்பசி மழையில் அடித்தால் வெண்படலம் படியக்கூடும். காற்றில்லாத உலர்ந்த காலை நேரமே நல்லது.

மெல்லிய பூச்சுகளாக ஏற்றுவது இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல. தோல் ஆலைகளின் இறுதிக்கட்ட வேலையிலும் நிறமியும் பிணைப்பானும் கலந்த அடிப்பூச்சும் அதன்மேல் காப்புப் பூச்சும் மெல்லிய படலங்களாகவே தெளிக்கப்படுகின்றன. தடித்த பூச்சு அங்கே வெடிக்கும். இங்கே செதுக்கலை மூடிவிடும்.

செலவும் பாதுகாப்பும்

பொம்மைகளுக்கான இந்திய இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. சுங்கத்தில் பொம்மையாக வகைப்படுத்தப்பட்டால் ஒரு பெட்டியின் விலை மாணவருக்கு எட்டாததாகிவிடும். அதனால் ரெசின் முப்பரிமாண அச்சு பலருக்கு மாற்றாகிறது. ஆனால் கெட்டியாகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். 1990-களுக்கு முந்தைய உலோக உருவங்களில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும் என்பதால் அவற்றை அரம் கொண்டு தேய்க்கும்போது தூசியைச் சுவாசிக்கக் கூடாது. தொட்ட பின் கை கழுவ வேண்டும். தூரிகையின் முனையை உதட்டால் கூராக்கும் பழக்கமும் ஆபத்தானது.

கீரி முடித் தூரிகை நுண்வேலைக்குச் சிறந்தது என்று விற்கப்படுவதுண்டு. கீரி, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் விலங்கு. அதன் முடியில் செய்த தூரிகையை விற்பது குற்றம். செயற்கை இழைத் தூரிகையின் முனை விரைவில் வளைந்துவிடும் என்பது உண்மைதான். வளைந்த தூரிகையை எறிய வேண்டாம், டிரை பிரஷ்ஷுக்கு அதுவே உதவும்.