காலையில் கொடுத்த தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருதா? பள்ளிகளில் 'வாட்டர் பெல்' ஏன் அடிக்கிறார்கள்?

காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில், சாயந்திரம் முக்கால்வாசி தண்ணீரோடு வீடு திரும்புகிறது. "ஏன் குடிக்கல?" என்று கேட்டால், "மறந்துட்டேன்" என்பதுதான் பெரும்பாலும் பதில். இந்த மறதிக்கு மருந்தாக வந்ததுதான் 'வாட்டர் பெல்'.

எங்கே தொடங்கியது?

2019-ல் கேரளாவில் சில பள்ளிகள் தொடங்கிய வழக்கம் இது. அடுத்து கர்நாடகாவும் கையில் எடுத்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 2025-ல் வந்தது. காலை 11, பகல் 1, மாலை 3 என மூன்று முறை இதற்கென பெல் அடிக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் தண்ணீர் குடித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பலாம்.

குடிக்காவிட்டால் என்ன ஆகும்?

உடலில் நீர்ச்சத்து லேசாகக் குறைந்தாலே தலைவலி, சோர்வு, எரிச்சல் வரும், கவனம் சிதறும். மதியத்துக்கு மேல் டல்லாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை "படிப்புல ஆர்வமே இல்ல" என்று சொல்வதற்கு முன், தண்ணீர் குடித்ததா என்று கேட்டுப் பார்க்கலாம். நாள் கணக்கில் தொடர்ந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று வரை போகலாம்.

நிஜமாகவே மறதிதானா?

எப்போதும் அப்படி இல்லை. "மிஸ், தண்ணி குடிக்கட்டுமா?" என்று பாடத்தின் நடுவே எழுந்து கேட்கப் பல பிள்ளைகளுக்குக் கூச்சம், திட்டு விழுமோ என்ற பயம். பெல் அடித்தால் வகுப்பே சேர்ந்து குடிக்கிறது. தனியாக யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் வெளியே சொல்லாத காரணம் இன்னொன்று உண்டு: கழிவறை. தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வரவில்லை, நாற்றம் தாங்கவில்லை என்றால், அங்கே போகாமல் இருக்க தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு, அதுவும் மாதவிடாய் நாட்களில், இது பெரிய சிக்கல். அங்கே பெல் அடித்தாலும் பாட்டில் திறக்காது.

குடிநீரும், ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனி கழிவறையும் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். கட்டடம் இருந்தால் மட்டும் போதாது, தினமும் சுத்தமாக இருக்க வேண்டும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* மாலையில் பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.
* சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். எரிச்சல், வலி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.
* "ஏன் குடிக்கல?" என்று அதட்டாமல், "ஸ்கூல்ல டாய்லெட் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள்.
* பதில் சரியில்லை என்றால், அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். அதில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்தான்.