இஞ்சினுக்கு ஒரு மின்விசிறி

அம்பாசடர் காருக்கு எப்போது கோபம் வரும் என்று கல்கத்தாவில் அதை ஓட்டிய நம் அன்பர்கள் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வராது. மே மாத வெயிலில் ஹவுரா பாலத்தில், முன்னால் லாரி, பின்னால் பஸ் என்று அசையாமல் நிற்கும்போதுதான் வரும்.

1997-ஆம் ஆண்டு மே மாதம் எனக்கும் அது நேர்ந்தது. அம்மாவைக் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடப் போய்க்கொண்டிருந்தேன். பாலம் ஏறியதும் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. இஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவைத்தேன். உதவ வந்த ஒருவர் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார், தடுத்துவிட்டேன். சூடான மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். எழுபது வயது தாண்டிய அம்மா, பெட்டியைச் சுமந்த கூலிக்காரர் பின்னால் பாலத்தை நடந்தே கடந்தாள். வண்டி புறப்பட நான்கு நிமிடம் இருக்கும்போது ஏறினாள்.

குறை எங்கே? அம்பாசடரின் விசிறி வாட்டர் பம்ப்பின் புல்லியோடு சேர்த்து முடுக்கப்பட்டது. இஞ்சின் சுற்றும் வேகத்துக்குத் தக்கபடிதான் அதுவும் சுற்றும். காற்று மிகவும் தேவைப்படுவது வண்டி நிற்கும்போது. அப்போது இஞ்சின் ஐட்லிங்கில் மெதுவாகச் சுற்றும், விசிறியும் சோம்பிவிடும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும். அப்போதோ விசிறி அசுர வேகத்தில் சுற்றும். விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் அது விழுங்கும் சக்தி எட்டு மடங்காகும். அவ்வளவும் நம் பெட்ரோல்தான்!

மாருதி 800-இல் இஞ்சின் குறுக்காக இருப்பதால் புல்லியும் ரேடியேட்டரும் நேர் எதிரே வராது. எனவே அதற்கு மின்சார விசிறி. அப்படி ஒன்றை மல்லிக் பஜாரின் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்தேன்.

எங்கள் மிஸ்திரிக்கு இதில் சம்மதமில்லை. "தாதா, பெல்ட் இருக்கிற வரைக்கும் பழைய விசிறி சுற்றும். இதிலே மோட்டார், ஸ்விட்ச், ரிலே, ஃபியூஸ் என்று நாலு சாமான். நாலிலே ஒன்று போனாலும் இஞ்சின் போச்சு" என்றார். நியாயமான பேச்சு. அதனால் ஒவ்வொன்றையும் யோசித்தே செய்தோம்.

முதலில் விசிறியைத் தொடவே இல்லை. ரேடியேட்டரைக் கழற்றி, குழாய்களில் படிந்திருந்த உப்பையும் துருவையும் எடுத்தோம். ஹோஸ்களையும், அழுத்தம் தாங்காத மூடியையும் மாற்றினோம். அடைபட்ட ரேடியேட்டருக்கு எந்த விசிறியும் மருந்தாகாது.

அடுத்தது மின்சாரம். புதிய விசிறி சுமார் 8 ஆம்பியர் இழுத்தது. என் வண்டியில் இருந்ததோ டைனமோ. ஐட்லிங்கில் அது பாட்டரிக்கு ஏறத்தாழ ஒன்றும் தராது. ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்தால், மழை நாள் நெரிசலில் பாட்டரி காலியாகிவிடும். ஆகவே ஆல்டர்னேட்டர் மாட்டினோம். செலவில் பெரும்பங்கு இதற்கே போயிற்று.

பிறகுதான் பழைய விசிறியை எடுத்தோம். அதைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளே புல்லியையும் பிடித்திருக்கின்றன. வாஷர் சேர்த்து அவற்றைத் திரும்ப முடுக்க வேண்டும். பெல்ட்டை எடுக்கவே கூடாது. வாட்டர் பம்ப் சுற்றுவது அதனால்தான்.

புதிய விசிறியை ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் கட்டாமல், பட்டை இரும்பில் சட்டம் செய்து, ரப்பர் வைத்துப் பொருத்தினோம். ரேடியேட்டரின் மேல் டாங்கில் ஒரு வெப்ப ஸ்விட்ச். 92 டிகிரியில் விசிறியை ஓட்டும், 87-இல் நிறுத்தும். தெர்மோஸ்டாட் 82-இல் திறப்பது. ஸ்விட்ச் அதற்கும் கீழே அணைவதாக இருந்தால் விசிறி ஓயவே ஓயாது. மோட்டாரின் கரண்ட் முழுவதும் அந்தச் சிறிய ஸ்விட்ச் வழியே போனால் அது கருகிவிடும், அதற்காகத்தான் ரிலே. ஒயர்களை மாற்றிக் கொடுத்தால் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும். ரேடியேட்டர் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பார்த்தோம். அது கிரில் பக்கம் உறிஞ்சப்பட்டது. சரி என்று அர்த்தம்.

மிஸ்திரியின் கவலைக்காக இரண்டு ஏற்பாடுகள். டாஷ்போர்டில், விசிறியை நேராக ஓட்ட ஒரு கை ஸ்விட்ச். விசிறிக்குக் கரண்ட் போகிறது என்று காட்ட ஒரு சிறு விளக்கு. பழைய விசிறியும் ஸ்பானரும் டிக்கியில் கிடந்தன.

மைலேஜ் பிரமாதமாகக் கூடிவிடவில்லை. நெரிசலில் முள் நடுவிலேயே நின்றதுதான் லாபம். அந்தக் கோடை முழுவதும் லேக் மார்க்கெட்டிலிருந்து ஹவுராவுக்கு நம்மவர்களை எத்தனையோ முறை ஏற்றிப்போனேன். யாரும் பாலத்தில் இறங்கி நடக்கவில்லை.

உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. சூட்டில் சிலிண்டர் ஹெட் வளைந்தால் வேறு ஹெட் தேடி அலைய வேண்டிய காலம் இது. பழைய வண்டியை ஆசையோடு காப்பாற்றும் அன்பர்கள் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்: முதலில் ரேடியேட்டர், பிறகு ஆல்டர்னேட்டர், கடைசியில் விசிறி. இன்னொன்று: சில வண்டிகளில் இஞ்சினை நிறுத்திய பிறகும் இந்த விசிறி திடீரென்று சுழலும். பாட்டரி ஒயரைக் கழற்றாமல் அருகே விரலை நீட்டாதீர்கள்.